"அப்பீல் ரெடி" என்று சொன்ன வக்கீலை நம்பி ஏமாந்தேன்

வீடு புகுந்து திருடிய வழக்கில் என் தம்பிக்குத் தண்டனை ஆனது. அன்று மாலையே ஒரு வக்கீல் தேடி வந்தார். "அப்பீலில் எல்லாச் சாட்சிகளையும் முதலிலிருந்து விசாரிப்பாங்க, விடுதலை உறுதி" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். அப்பீலில் பெரும்பாலும் கீழ்க்கோர்ட்டில் பதிவானதை வைத்துத்தான் பார்ப்பார்கள். புதுச் சாட்சியம் எடுப்பது அபூர்வம். இது தெரியாமல் முழு ஃபீஸையும் கொடுத்தேன், ரசீதுகூட வாங்கவில்லை.

அப்புறம் எப்போது கேட்டாலும் "தீர்ப்பு நகல் வரலை" என்பதே பதில். கடைசியில் நானே கோர்ட் ஆபீசுக்குப் போனேன். நகல் கேட்டு மனுவே போடவில்லையாம். அதற்குள் அப்பீல் போடுவதற்கான கெடுவும் தாண்டிவிட்டது.

இந்தக் கெடு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், மற்ற கோர்ட்டுகளுக்கு 30. இங்கிலாந்தில் கிரவுன் கோர்ட் தீர்ப்புக்கு 28. அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் வெறும் 14. தீர்ப்பு வந்த அன்றே உங்கள் கெடு எது என்று கேட்டு எழுதி வையுங்கள். அப்பீல் போட்டாலே ஆள் வெளியே வந்துவிடமாட்டார், ஜாமீனுக்குத் தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லவில்லை.

நான் சத்தம் போட்டதும் அவசரமாக ஒரு அப்பீல் மனுவை நீட்டினார். இரண்டாம் பக்கத்தில் "மனுதாரர் பைக்கைத் திருடவில்லை" என்று இருந்தது. எங்கள் வழக்கில் பைக்கே கிடையாது! வேறு யாருடைய மனுவையோ அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

தம்பிக்கு எதிராக இருந்த முக்கிய ஆதாரம் ஜன்னல் சட்டத்தில் கிடைத்த கைரேகை. ஆனால் திருட்டுக்கு இரண்டு வாரம் முன்னால்தான் அவன் அந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தான். அவன் தொட்டான் என்பதைக் கைரேகை சொல்லும், எப்போது தொட்டான் என்பதைச் சொல்லாது. வீட்டுக்காரரே குறுக்கு விசாரணையில் பெயிண்ட் வேலையை ஒப்புக்கொண்டது பதிவில் இருக்கிறது. புது வக்கீல் அரை மணி நேரத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். பழையவருடைய மனுவில் கைரேகை என்ற சொல்லே இல்லை.

இப்போது தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு அப்பீல் போட்டிருக்கிறோம். தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டுமே, அதற்கு என் வாட்ஸ்அப் உதவியது. "சார், நம்பர் ஆச்சா?" என்று, அதாவது கோர்ட்டில் அப்பீல் பதிவாகி எண் கிடைத்ததா என்று, 19 தடவை கேட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் அவர் அனுப்பிய பதில் கட்டைவிரல் படம்தான்.