வயிற்றில் வலை வைத்து இரண்டு வருஷம்: யாரும் முன்கூட்டிச் சொல்லாத அந்த வீக்கம்

வயிற்றுத் தழும்பில் வந்த ஹெர்னியாவுக்கு (குடலிறக்கம் என்பார்கள்) லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாக, தசை பலவீனமான இடத்தைத் தாங்கும் வலை வைத்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. திரும்ப வரவில்லை. தண்ணீர்க் குடம் தூக்குகிறேன், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து எழுகிறேன், பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன். தும்மும்போது மட்டும் வலையைத் தைத்த ஓரிடத்தில் சுருக்கென்று இழுக்கும். அதுவும் இப்போது குறைந்துவிட்டது. ஆபரேஷன் எப்படி என்று மட்டும் கேட்டால் பத்துக்குப் பத்து கொடுப்பேன். ஆனாலும் அந்த டாக்டர் மேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கர்ப்பப்பை எடுத்த பழைய தழும்பில் வந்த ஹெர்னியா இது. நின்றால் வீங்கும், படுத்தால் உள்ளே போகும். மதுரையில் இரண்டு அறுவை சிகிச்சை நிபுணர்களைப் பார்த்தேன். முதலாமவர் சின்ன நர்சிங் ஹோம் வைத்திருக்கிற வயதானவர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து, டயர் கிழிந்த இடத்தில் ட்யூப் பிதுங்குகிற மாதிரிதான் இதுவும் என்று விளக்கினார். வயிற்றைத் திறந்து, வலையைத் தசைக்குப் பின்னால் வைத்து, நீர் வடிய ஒரு குழாய் விடுவேன் என்றார். புண்ணில் சீழ் பிடிக்கலாம், நீர் கட்டலாம், திரும்பவும் வரலாம் என்று நான் கேட்காமலேயே ஒவ்வொன்றாகச் சொன்னார். வெளியே கூட்டம் காத்திருந்தும் அவசரப்படவில்லை.

இரண்டாமவர் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர். வாரா வாரம் இதே ஆபரேஷன் செய்பவர். மாதத்துக்கு எத்தனை செய்வீர்கள், எத்தனை பேருக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். எனக்குச் சர்க்கரை உண்டு, உடம்பும் கொஞ்சம் கனம். இப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய வெட்டை விடச் சின்னத் துளைகளில் சீழ் பிடிக்கும் ஆபத்து குறைவு என்றார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் குறைத்துவிட்டு வந்தால்தான் தேதி கொடுப்பேன் என்று திருப்பி அனுப்பினார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. காசுக்காக உடனே படுக்கச் சொல்கிறவர் இல்லை என்று தெரிந்தது. அவரையே தேர்ந்தெடுத்தேன்.

பணம், படுக்கை, டிஸ்சார்ஜ் அன்று பில் வரும் வரை காத்திருப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். பல காப்பீட்டுப் பாலிசிகளில் ஹெர்னியாவுக்கு இரண்டு வருஷக் காத்திருப்புக் காலம் உண்டு. அதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வலை வைத்தால் திரும்பவே வராது என்று நினைக்கிறவர்கள் உண்டு. நெதர்லாந்தில் தழும்பு ஹெர்னியா உள்ளவர்களிடம் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பெரிதாகப் பேசப்படுவது. வெறும் தையல் போட்டவர்களில் மூன்று வருஷத்தில் 43 சதவீதம் பேருக்கும், வலை வைத்தவர்களில் 24 சதவீதம் பேருக்கும் திரும்ப வந்தது. அதே நோயாளிகளைப் பத்து வருஷம் கவனித்தபோது அது 63 சதவீதமும் 32 சதவீதமும் ஆனது. அந்தக் காலத்து வலைகளும் முறைகளும் வேறு, இன்றைய கணக்கு அதே அல்ல. ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்னால் இதைப் படித்திருந்ததால், வலை வைத்தும் திரும்ப வரலாம் என்பது என் மனதில் பதிந்துவிட்டது. பின்னால் நான் பட்ட பாடு புரிய வேண்டும் என்றால் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் நேரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய தழும்போடு குடல் ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதை அவசரப்படாமல் பிரித்து எடுத்துவிட்டுத்தான் வலை வைத்தார் என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். குடலில் ஒரு கீறல் விழுந்திருந்தால் கதையே மாறியிருக்கும். அன்று இரவு அவரே வார்டுக்கு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். கை என்றால் அந்தக் கைதான். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மாவை நான் மறக்க மாட்டேன். முந்தின நாள் மாலை கட்டில் பக்கத்தில் நின்று, "நாளைக்கு வயித்தை விட உங்களுக்குத் தோள்பட்டை வலிக்கும், பயப்படாதீங்க" என்றார். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயு ஏற்றுவார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம் என்ற தசையை உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோளுக்குப் போகும் நரம்புகளும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால், வலி தோளில் தெரியும். இவ்வளவையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தார். மறுநாள் அந்த வலி வந்தது, நல்ல வலிதான். ஆனால் நெஞ்சுவலியோ என்று நான் பதறவில்லை. எழுந்து நடந்தேன், மெல்ல மெல்லப் போய்விட்டது.

அப்புறம் இரவுப் பணியில் இருந்த சிஸ்டர். படுக்கையிலிருந்து நேராக எழ முயன்ற என்னைத் தடுத்து, முதலில் ஒருக்களித்துப் படுங்கள், காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்க விடுங்கள், கையை ஊன்றி எழுந்திருங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மூன்று பந்து உள்ள அந்த மூச்சுப் பயிற்சிக் கருவியை ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சரியாகக் காட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு நான் குனிந்து நிமிர்ந்ததெல்லாம் அவர் புண்ணியத்தில்தான்.

வீட்டுச் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. என் நாத்தனார் அன்போடுதான் பத்தியம் வைத்தார். முட்டை கூடாது, தயிர் கூடாது, கத்தரிக்காய் கூடாது, ரசம் சாதம் மட்டும் போதும் என்றார். புண் ஆறப் புரதம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் முட்டையும் பருப்பும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சில வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கிவிடும். வலை வைத்த வயிற்றோடு முக்குவது எவ்வளவு கொடுமை என்று பட்டவர்களுக்குத் தெரியும். தண்ணீர், கீரை, பழம், தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு இசப்கோல். இதில் வெட்கப்படாதீர்கள்.

இனி அந்த வீக்கம்.

வீட்டுக்கு வந்து நன்றாகத் தேறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரத்தில் ஒரு சனிக்கிழமை குளிக்கும்போது கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஹெர்னியா இருந்த அதே இடம், ஏறக்குறைய அதே அளவு. வயிற்றுக்குள் என்னமோ கழன்றுவிட்டது, வலை விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அந்த 24 சதவீதம் கண் முன்னால் வந்து நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், காய்ச்சல் இருக்கா, வாந்தி இருக்கா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் திங்கட்கிழமை ஓபிக்கு வாருங்கள் என்றார்கள். அந்த இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. என் கணவர் ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை மயக்கம், இன்னொரு தடவை கத்தி, அதற்குப் பணம் எங்கே என்று பேசிப் பேசி ஓய்ந்தோம்.

திங்கட்கிழமை டாக்டர் படுக்க வைத்து, இருமச் சொல்லி, தொட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "சீரோமாம்மா. நீர் கட்டியிருக்கு. ரொம்பப் பேருக்கு வர்றதுதான். தானா வத்திடும்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்னா பயந்துடுவீங்க."

அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

சொன்னால் பயப்படுவேனா? இதே உடம்புதான், இதே ஆஸ்பத்திரிதான். தோள் வலிக்கும் என்று முன்னால் சொன்னார்கள், வலித்தது, நான் பயப்படவில்லை. வீக்கம் வரலாம் என்று யாரும் சொல்லவில்லை, வந்தது, குடும்பமே கலங்கிப்போனது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? அவருக்கு ஆயிரம் வேலை, எனக்கும் தெரியும். அவரே உட்கார்ந்து பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தக் கம்பெனி வலை, என்ன தையல் என்றெல்லாம் இரண்டு பக்கம் அச்சடிக்கிறார்கள். "பழைய இடத்தில் வீக்கம் தெரியலாம், பெரும்பாலும் அது நீர்தான்" என்று தமிழில் ஒரு வரி சேர்க்க முடியாதா? என்னைவிட வயதானவர், தனியாக இருக்கிற ஒருவர் அந்த இரண்டு இரவை எப்படிக் கடப்பார்?

அவர் சொல்லாததை நானே சொல்லிவிடுகிறேன். லேப்ராஸ்கோப்பியில் வலை வைக்கும்போது ஹெர்னியாவின் பை பெரும்பாலும் அப்படியே விடப்படும். அந்தக் காலி இடத்தில் நீர் சேரும். படுத்தாலும் அது உள்ளே போகாது, இருமினாலும் பெரிதாகத் தள்ளாது. ஹெர்னியாவிலிருந்து பிரித்துப் பார்க்க இது உதவும், சந்தேகம் இருந்தால் ஸ்கேன் காட்டிக் கொடுத்துவிடும். பெரும்பாலும் சில வாரங்களில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். ஊசி போட்டு நீரை எடுங்கள் என்று வற்புறுத்தாதீர்கள். ஊசி வழியாகக் கிருமி போய் வலையைப் பிடித்தால் பெரிய தொல்லை, அதனால்தான் வலியோ இறுக்கமோ அதிகமாக இருந்தால் மட்டும் எடுப்பார்கள். காய்ச்சல், தோல் சிவந்து சூடாக இருப்பது, சீழ், வாந்தி, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாமல் இருப்பது என்றால் திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது, உடனே கிளம்பிவிட வேண்டும். எனக்கு வயிற்றைச் சுற்றிப் பெல்ட் போட்டுக்கொண்டே வற்றியது. அந்தப் பெல்ட் சித்திரை வெயிலில் அரித்தது தனிக் கதை.

இன்னொன்று. வலையின் பெட்டியில் பெயரும் எண்ணும் உள்ள ஒட்டுத்தாள் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியோடு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு காரணத்துக்கு வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால், உள்ளே எந்த வலை, எந்த இடத்தில் என்று அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு சிசேரியன் தழும்பில் ஹெர்னியா என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. "அக்கா, உங்க டாக்டர்கிட்டயே போகட்டுமா?" என்று கேட்டாள். கை நேர்த்தி, அனுபவம், இரண்டு வருஷத்து என் உடம்பு எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நான் முதலில் பார்த்த பெரியவரின் நம்பரைத்தான் கொடுத்தேன். அவரிடம் வெட்டு பெரிதாக இருக்கும், வீட்டுக்கு வரவும் கூடுதல் நாள் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, கணவன் வெளியூரில் வேலை. ராத்திரி ஒரு வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் அது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.