பாவித்த கொம்பியூட்டர் வாங்கப் போகிறீர்களா? ஓஃப் பண்ணி வைக்கச் சொல்லுங்கள்

மகள் உயர்தரத்துக்கு ஐ.சி.டி படிக்கிறாள். புதிது வாங்க வசதி இல்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் பாவித்த டெஸ்க்டொப் ஒன்றை மொனிட்டரோடு 42,000 ரூபாய்க்கு எடுத்தேன்.

நான் போகும்போதே அது ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பாட்டு வீடியோ. "பாருங்க அண்ணன், என்ன ஸ்பீட் எண்டு. ஒபிஸ்ல ஒரு வருசம்தான் பாவிச்சது." நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5 புரொசசர், 8 ஜிபி ரேம், வின்டோஸ் 11. நானும் இரண்டு ஃபோல்டரைத் திறந்து மூடி, எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டிவிட்டுக் காசைக் கொடுத்தேன். நாலாம் தலைமுறை வந்தது 2013இல். வின்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் கேட்பதோ எட்டாம் தலைமுறையிலிருந்து. எப்படியோ சுத்தி ஏற்றியிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகுதான் உறைத்தது.

ஓட்டோவில் கல்லடிப் பாலம் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்று இரவு இடி மின்னல் என்று பிளக்கைச் செருகவே இல்லை. காலையில் போட்டால் கறுப்புத் திரை, நேரம் சரியில்லை, எஃப்1 அழுத்து என்று ஒரு வரி. அழுத்தினால் வின்டோஸ் வந்தது, ஆனால் திகதி 2013 ஜனவரி. இன்டர்நெட்டில் எந்தத் தளமும் பாதுகாப்புப் பிழை என்று திறக்கவில்லை. கரண்ட் இல்லாதபோதும் நேரத்தை ஓட வைக்க மதர்போர்டில் இருக்கிற, காசு மாதிரி வட்டமான பற்றரி செத்துக் கிடந்திருக்கிறது. கடையில் பிளக் செருகியே இருந்ததால் நேரம் பிழைக்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சரி, பற்றரி சின்னச் செலவு, மாற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று தட்டத் தொடங்கியது. ஒரு ஃபைல் திறக்க நிமிடக் கணக்கு. பக்கத்து வீட்டுத் தம்பி கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினான். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. டிஸ்க்கில் தகவல் பதிகிற சின்னத் துண்டுகளான செக்டர்களில் கெட்டுப்போகிறவற்றின் கணக்கு வேறு. ஓடிய நேரம் 38,214 மணி. வருடம் முழுக்க இரவு பகல் நிறுத்தாமல் ஓடினாலும் 8,760 மணிதான் வரும். ஒரு வருசம் பாவித்த டிஸ்க்காம்!

இனி நான் வாங்குவதென்றால், போனதும் முதலில் கேசிங்கில் கையை வைப்பேன். சூடாக இருந்தால் ஓஃப் பண்ணி பிளக்கையும் கழற்றச் சொல்லி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து நானே போடுவேன். அந்த மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோய் டிஸ்க்கைப் பார்ப்பேன். அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, தானாக நிற்கிறதா, ஃபேன் அலறுகிறதா என்று பார்ப்பேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

விற்கும்போது "ஒரு கிழமை செக்கிங் வாறண்டி" என்ற கடைக்காரர், நான் ஐந்தாம் நாள் போனபோது, "நீங்க கழட்டிட்டீங்க, சீல் உடைஞ்சிட்டு" என்றார். பற்றரி மாற்றியதைத்தான் சொல்கிறார். 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடலாம் என்று பில்லைத் தேடி எடுத்தேன். மொடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை, வாறண்டியும் இல்லை. "கொம்பியூட்டர் செட் 1" என்று மட்டும் கிடக்கிறது.