விடுமுறையில் ஒரு குடியரசுத் தலைவர்: கென்னடி நூலகத்தின் கடற்கரைப் படச்சுருள்கள்

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் எஃப். கென்னடியின் பெயரில் பாஸ்டனில் உள்ள நூலகம், 2011 முதல் தன் மின்காப்பகத்தைக் கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. பெரும்பாலோர் அங்கே போவது உரைகளையும் கடிதங்களையும் தேடித்தான். ஆனால், வெள்ளை மாளிகைப் படச்சுருள்களுக்கிடையே இருக்கும் கோடை விடுமுறைக் காட்சிகளே அக்காப்பகத்தின் மிகச் சுவையான பகுதி என்பது என் கருத்து.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கடலோரத்தில், ஹயானிஸ் போர்ட் என்னும் சிற்றூரில், கென்னடியின் தந்தை ஜோசப் 1928இல் வாங்கிய வீடே இக்காட்சிகளின் மையம். ஹெலிகாப்டர் புல்வெளியில் இறங்குகிறது. பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். நாட்டின் தலைவர், உடன்பிறந்தோரின் பிள்ளைகளையெல்லாம் கோல்ஃப் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு தாமே ஓட்டிச் செல்கிறார். தாய்வழிப் பாட்டனாரின் பட்டப்பெயரான 'ஹனி ஃபிட்ஸ்' என்பதையே கென்னடி சூட்டிய உல்லாசப் படகில் உறவுக் கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. 1961 டிசம்பரில் பக்கவாதத்தால் பேச்சிழந்தவர் ஜோசப் என்பதை அறிந்து பார்த்தால், அதற்குப் பிந்தைய சுருள்களில் மகன் அவரை நெருங்கும் விதமே வேறாகத் தெரியும்.

இவற்றில் பல ஒலியற்றவை. அது குறையன்று. இசையும் வர்ணனையும் சேர்த்த தொலைக்காட்சித் தொகுப்புகள், நாம் எங்கே நெகிழ வேண்டும் என்பதைக்கூட முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. இங்கோ, ஒன்றும் நிகழாத நிமிடங்களும் வெட்டப்படாமல் இருப்பதால், ஒரு குடும்பம் சும்மா இருப்பதை நாமே கவனிக்க முடிகிறது.

எனினும், இவை வீட்டார் எடுத்த படங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கேமராவைப் பிடித்தவர்கள் பணியிலிருந்த கடற்படைப் படப்பிடிப்பாளர்கள். தீராத முதுகுவலிக்காக இடுப்புக் கச்சை அணிந்திருந்த, அடிசன் நோயை (அட்ரினல் சுரப்பிக் குறைபாட்டை) பொதுமக்களுக்கு மறைத்த ஒருவர், இங்கே வெயிலில் பழுத்த முகத்துடன் நலமே உருவாகத் தோன்றுகிறார். பொய்க்காட்சி என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் எதைப் படமாக்கலாம் என்பதை அறிந்த குடும்பம் அது. (தந்தை ஜோசப் 1920களில் ஹாலிவுட்டில் படத் தொழில் நடத்தியவர் என்பதை மறக்க வேண்டாம்.)

காப்பகத்தின் குறிப்புகள் பாராட்டத்தக்கவை: தேதி, இடம், காட்சியில் உள்ளவர்கள், உரிமை நிலை ஆகியவை மிகைச்சொல் இல்லாமல் தரப்பட்டுள்ளன. எல்லாம் ஆங்கிலத்தில்தான் உள்ளன. 'கென்னடி' என்று மட்டும் தேடினால் முடிவுகளின் வெள்ளத்தில் திணற நேரும். ஊர்ப்பெயரையோ படகின் பெயரையோ இட்டுத் தேடுவது நல்லது. 1963 கோடைக்காலச் சுருள்களைப் பார்ப்போர் தேதியையும் கவனிக்க வேண்டும்: ஆகஸ்ட் 7 அன்று பிறந்த மகன் பேட்ரிக் இரண்டே நாளில் இறந்துபோனான், அதற்கு முந்தைய வார இறுதியும் பிந்தைய வார இறுதியும் ஒன்றல்ல.

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் பணியின்போது எடுத்த படங்களுக்கு அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. எனவே ஆவணப்படம் எடுப்போருக்கும் ஆசிரியர்களுக்கும் இது பெரும் வாய்ப்பு. குடும்பத்தாரும் பிறரும் எடுத்தவற்றுக்கு இவ்விதி பொருந்தாது என்பதால், ஒவ்வொரு சுருளின் உரிமைக் குறிப்பையும் படித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.