தீர்ப்பை ஏற்பதா, மீறுவதா: ஏதென்ஸ் ஆட்டத்தில் தோற்ற அணி என்ன செய்யலாம்?

நியூயார்க்கின் பார்னர்ட் கல்லூரியில் மார்க் கார்ன்ஸ் 1990களில் தொடங்கிவைத்த 'ரியாக்டிங் டு த பாஸ்ட்' வகுப்புகளில் மாணவர்கள் வரலாற்றை நடித்துப் படிக்கிறார்கள். அதில் கி.மு. 403 ஏதென்ஸ் ஆட்டம் பிரபலம். தீவிர ஜனநாயகவாதிகள், மிதவாதிகள், பிரபுக்கள், சாக்ரடீஸின் சீடர்கள் என்று அணி பிரிந்து சபையில் மோதுவார்கள், சாக்ரடீஸ் மீதான வழக்கும் (உண்மையில் அது நான்கு ஆண்டு கழித்து நடந்தது) நடக்கும். தீர்ப்பு வந்ததும் தோற்ற அணி அதற்குக் கட்டுப்பட்டே ஆகணுமா என்பதில்தான் சண்டை.

கட்டுப்படணும் என்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தீர்ப்பை உதறிவிடலாம் என்றால் எந்த அணியிலும் சேராமல் நடுவில் இருப்பவர்களைப் பேசி மசிய வைக்க யார் மெனக்கெடுவார்கள்? மரண தண்டனை பெற்ற சாக்ரடீஸே கி.மு. 399இல் தப்பியோட மறுத்தாரே என்றும் சொல்வார்கள். சரிதான், ஆனால் மறுத்தது அவர். அவரைச் சிறையிலிருந்து கிளப்பிக்கொண்டு போகப் பணத்தோடு தயாராக இருந்தவர் அவருடைய நண்பர் கிரிட்டோ. அதாவது சாக்ரடீஸின் அணியே தீர்ப்பை ஏற்கவில்லை, குற்றவாளி என்று தீர்ப்பானவர் ஏற்றுக்கொண்டார்.

மீறலாம் என்பதும் வரலாற்றுக்குப் புறம்பில்லை. கி.மு. 404இல் ஜனநாயகத்தை ஒழித்து ஏதென்ஸின் ஆட்சியைப் பிடித்த முப்பது பேர் குழுவான முப்பதின்மர் விசாரணையே இல்லாமல் பலரைக் கொன்றார்கள். அவர்களை எதிர்த்த ஜனநாயகத் தலைவர் திராசிபுலஸ் எழுபது பேரோடு ஃபைலே கோட்டையைப் பிடித்து, பிறகு பிரேயஸ் துறைமுகம் வரை போய்ச் சண்டை போட வேண்டியிருந்தது. வகுப்பில் அப்படி எந்த விலையும் இல்லை. "நாங்க ஏத்துக்கல" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

(2012இல் ஏதென்ஸின் ஒனாசிஸ் மையத்தில் சாக்ரடீஸை மறுபடி விசாரித்தார்கள். பத்து நீதிபதிகள் 5-5 எனப் பிரிந்ததால் விடுதலை. அது மேடை நிகழ்ச்சி, அங்கே கட்டுப்பட ஆளே இல்லை.)

எனக்குப் பிடித்த மூன்றாவது வழி, முப்பதின்மர் வீழ்ந்த பிறகு இரு தரப்பும் கி.மு. 403இல் செய்துகொண்ட சமரசத்திலேயே இருக்கிறது. பழையதைக் கிளறமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். முப்பதின்மர் காலத்தில் நகரத்திலேயே தங்கியிருந்தவர்களில் புதிய ஏற்பாடு பிடிக்காதவர்கள் பக்கத்து ஊரான எலியூசிஸுக்குக் குடிபெயரலாம், ஆனால் அங்கே இருக்கும்வரை ஏதென்ஸில் பதவி வகிக்க முடியாது. ஆட்டத்திலும் அதேபோல, தீர்ப்பை ஏற்காத அணி சபை ஓட்டை விட்டுக்கொடுத்து வெளியே போகலாம், பிறகு திரும்பியும் வரலாம். பிரபுக்கள் அணிக்கு இது கொஞ்சம் சாதகம்தான், பரவாயில்லை. விதியை மட்டும் வழக்கு தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள்; தீர்ப்புக்குப் பிறகு சொன்னால் ஆசிரியர் யார் பக்கம் என்ற கேள்விதான் முதலில் வரும்.