யுபிஐ லைட்: காலியாவதுதான் அதன் நல்ல குணம்

"டூர் போறோம். லைட்ல அஞ்சாயிரம் போட்டு வச்சுக்கிட்டா கேஷ் எடுக்க வேண்டாம்ல?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாத கேள்வி. ஊரில் இருக்கும்போது லைட் ஒரு மாதிரி, ஊரை விட்டுக் கிளம்பினால் அதுவே வேறு மாதிரி.

யுபிஐ ஆப்பிலேயே சின்னச் செலவுக்கென்று தனியாகப் பணம் ஏற்றி வைக்கும் பைதான் லைட். 2022 செப்டம்பரில் வந்தபோது ஒரு தடவைக்கு 200 ரூபாய், மொத்தமாக 2,000 ரூபாய் என்று இருந்த வரம்பு இப்போது 1,000, 5,000 என்று ஆகியிருக்கிறது. பின் நம்பர் கேட்காது. வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை ஏற்றும்போது மட்டும் கேட்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லாத சுகம் பாஸ்புக்கில் இருக்கிறது. லைட்டில் செலவாகும் ஒவ்வொரு சின்னத் தொகையும் வங்கிக் கணக்கில் தனி வரியாக ஏறாது. பணம் ஏற்றியது மட்டும்தான் ஏறும். டீ 12, ஜெராக்ஸ் 6, பார்க்கிங் 10, ஷேர் ஆட்டோ 20 என்று மாதத்துக்கு ஏழெட்டுப் பக்கம் ஓடும் ஸ்டேட்மென்ட் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். வாடகை எங்கே, இஎம்ஐ எங்கே, இன்ஷூரன்ஸ் பிடித்தார்களா என்று தேட வேண்டியதில்லை. விசாவுக்கோ லோனுக்கோ ஆறு மாத ஸ்டேட்மென்ட் பிரின்ட் எடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சின்னச் செலவின் விவரம் வேண்டுமென்றால் ஆப்பின் ஹிஸ்டரியில் அப்படியே இருக்கிறது.

அதைவிடப் பெரிய லாபம், லைட் காலியாகும் என்பது. திங்கள்கிழமை காலை 700 ரூபாய் ஏற்றுங்கள். அந்த வாரத்தின் டீ, வடை, பஸ், பார்க்கிங் எல்லாம் அதிலிருந்தே போகட்டும். 1,000 ரூபாய்க்குள் எது கட்டினாலும் ஆப் முதலில் லைட்டைத்தான் எடுக்கும். லைட்டில் இருப்பதைவிடத் தொகை கூடினால் வங்கிக் கணக்குக்குத் தாவிப் பின் நம்பர் கேட்கும். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு ஜூஸுக்கு ஆப் பின் நம்பர் கேட்டால், இந்த வாரக் கைச்செலவு தீர்ந்துவிட்டது என்று பொருள். எக்ஸெல், பட்ஜெட் ஆப், டைரி எதிலும் நிற்காத கணக்கு இதில் நின்றுவிடுகிறது, நாம் எதையும் எழுத வேண்டியதில்லை என்பதால். மொபைலைத் தட்டினால் போதும் என்றான பிறகு காசு கையை விட்டுப் போவது உறைப்பதில்லை. அந்த உறைப்பைத் திருப்பிக் கொடுப்பது இந்தப் பின் நம்பர் திரை ஒன்றுதான்.

இதைக் கெடுக்கத்தான் ஆட்டோ டாப்-அப் வந்திருக்கிறது. இருப்பு நீங்கள் குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதும், 500 ரூபாயோ 1,000 ரூபாயோ, தானாகவே கணக்கிலிருந்து ஏறிக்கொள்ளும். பின் நம்பரும் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. இதை இயக்கிவிட்டால் லைட்டின் முக்கியமான நல்ல குணம் போய்விடுகிறது. 5,000 ரூபாய் வரம்பு என்று நிம்மதியாக இருப்பீர்கள்; வரம்பு இருப்புக்குத்தான், மாதச் செலவுக்கு இல்லை. பாஸ்புக்கில் 'லைட் 500, லைட் 500, லைட் 500' என்று வரிசையாக நிற்கும். எந்த 500 எங்கே போனது என்று அதில் ஒரு சொல் இருக்காது. முன்பு டீக்கடை வரிகளாவது இருந்தன!

எரிச்சல் அந்த வசதி இருப்பதில் இல்லை. வேண்டும் என்பவர் வைத்துக்கொள்ளட்டும். ஆப்பைத் திறக்கும்போதெல்லாம், பணம் ஏற்றும்போதெல்லாம், இருப்பு குறையும்போதெல்லாம் "ஆட்டோ டாப்-அப் இயக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதில்தான். சில ஆப்களில் பணம் ஏற்றும் திரையிலேயே அந்தக் கட்டம் டிக் ஆகியே வருகிறது. கவனிக்காமல் பின் நம்பர் போட்டால் அனுமதி கொடுத்ததாக ஆகிவிடும். தெரியாமல் போய்விட்டதா என்று பார்க்க ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதிக்குப் போங்கள். ஓடிடி சந்தா, எஸ்ஐபி வரிசையில் இதுவும் உட்கார்ந்திருந்தால் அங்கேயே ரத்து செய்யலாம். லைட்டின் அமைப்புத் திரையில் தேடினால் சில ஆப்களில் அகப்படாது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்றாம் தேதி, இரண்டாம் தேதிகளில் உங்கள் வங்கியின் சர்வர் திணறும்போதும் லைட்டில் பணம் கட்ட முடியும். சாதாரண யுபிஐயில் ஒவ்வொரு தடவையும் உங்கள் வங்கியின் மையக் கணக்கைக் கேட்டுத்தான் பணம் கழியும். லைட்டில் மொபைலில் வைத்த இருப்பிலிருந்தே கழிகிறது. தோல்வி வாய்ப்பில் பாதி அங்கேயே குறைந்தது. மீதிப் பாதி வாங்குகிறவரின் வங்கி. அதற்கு லைட் ஒன்றும் செய்ய முடியாது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பணம் மொபைலில்தான் இருக்கிறது என்றதும் நெட் இல்லாமலே போகும் என்று பலரும் நம்புகிறார்கள். போகாது. கழிப்பது மொபைலில் நடந்தாலும், அது கடைக்காரரின் கணக்கில் சேர நெட் வழியாகத்தான் போக வேண்டும். நெட்டே இல்லாமல் இரண்டு மொபைலை ஒட்டிவைத்து அனுப்புவது லைட் எக்ஸ். அது வேறு, இரண்டு பக்கமும் என்எஃப்சி (மொபைல்களை ஒட்டிவைத்தால் தகவல் மாற்றிக்கொள்ளும் வசதி) வேண்டும். மலையடிவாரப் பெட்டிக்கடையில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. இந்த மாதிரிப் பாதைகளில் சிக்னல் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். பஸ்ஸில் கண்டக்டரின் மெஷினுக்கும் அதே சிக்னல்தான். க்யூஆர் காட்டுவார், நாம் ஸ்கேன் செய்வோம், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் நாற்பது பேர் டிக்கெட்டுக்குக் காத்திருப்பார்கள். யுபிஐயில்தான் எடுப்பேன் என்றால் பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி நகர்வதற்குள் எடுத்துவிடுங்கள்.

கடைகளில் இன்னொரு சிக்கல். அங்கே நம்பகமான சாட்சி நம் திரை இல்லை, மேஜை மேல் இருக்கும் சவுண்ட் பாக்ஸ். அதற்கென்று தனி சிம் இருக்கிறது. நம் மொபைலில் பச்சை டிக் விழுந்தும் பாக்ஸ் வாய் திறக்காவிட்டால் அதன் சிம்முக்குச் சிக்னல் இல்லாமல் இருக்கலாம். பணம் பெரும்பாலும் போயிருக்கும். போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால் கடைக்காரர் சந்தேகப்படுவதையும் குறை சொல்ல முடியாது. பணம் கட்டியதற்கு அடையாளமாக ஆப்பில் வரும் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் காட்டி, அவர் மொபைலில் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். 'பிராசஸிங்' என்றே நின்றால் இரண்டாவது தடவை ஸ்கேன் செய்யாமல் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். கணக்கிலிருந்து கழிந்து கடைக்காரருக்குச் சேராத பணம் ஐந்து நாளுக்குள்ளும், தனிநபருக்கு அனுப்பியதென்றால் மறுநாளுக்குள்ளும் திரும்ப வேண்டும்; தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. முதலில் ஆப்பில் புகார் பதிந்துவிடுங்கள். கடைக்காரர் ரீஃபண்ட் செய்யும் பணம் லைட்டுக்கு வராது, வங்கிக் கணக்குக்குத்தான் போகும். லைட்டில் காணோம் என்று பதற வேண்டாம்.

ஆகவே ரொக்கம் வேண்டும். எவ்வளவு என்பதைவிட எந்த நோட்டு என்பதுதான் முக்கியம். காலை ஆறு மணிக்கு டீக்கடையில் 500 ரூபாயை நீட்டினால் டீயும் கிடைக்காது, மரியாதையும் கிடைக்காது. பஸ்ஸில் நீட்டினால் மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார். இறங்கும் அவசரத்தில் அதை வாங்க மறப்பது நம் தேசிய வழக்கம். இரண்டு நாள் பயணத்துக்கு ஒருவருக்கு 10 ரூபாயில் பத்து, 20 ரூபாயில் ஐந்து, 50 ரூபாயில் நான்கு, 100 ரூபாயில் ஆறு என்று 1,000 ரூபாயைப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும். ஏடிஎம்மில் 2,000 என்று அடிக்காமல் 1,900 என்று அடித்தால் சின்ன நோட்டும் கலந்து வரும். 100 அல்லது 200 ரூபாய் நோட்டு பெரும்பாலான ஏடிஎம்களில் கிடைக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்ட பிறகு இது முன்பைவிட நடக்கிறது. இலவசத் தடவைகள் தீர்ந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் 23 ரூபாய் வரை பிடிப்பார்கள், ஜிஎஸ்டி தனி. 10 ரூபாய் நாணயத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியாயிற்று. ஆனாலும் தமிழ்நாட்டில் பல ஊர்க் கடைகளில் இன்னும் வாங்குவதில்லை. மஞ்சப்பை மெஷின் வாங்கிக்கொள்ளும், மனிதர்தான் வாங்க மாட்டார்.

லைட்டையும் நிரப்பி வையுங்கள், ஆனால் பயணத்தில் 5,000 முழுதாக வேண்டாம், 2,000 போதும். மொபைல் திறந்த நிலையில் தொலைந்தால் லைட்டில் இருப்பது பின் நம்பர் தடுப்பு இல்லாத பணம். ஆப் லாக் கட்டாயம் போடுங்கள். மொபைல் மாற்றுவதாக இருந்தால் பழையதில் லைட்டை நிறுத்திப் பணத்தைக் கணக்குக்குத் திருப்பிய பிறகே ரீசெட் செய்யுங்கள். மறந்தால் வங்கியோடு மல்லுக்கட்டித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

லைட்டுக்கு ஐந்துக்கு இரண்டு ஸ்டார். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டுதானா என்றால், ஆம், இதை எழுத ஒரு விவரம் சரிபார்க்க ஆப்பைத் திறந்தபோதும் அந்த ஆட்டோ டாப்-அப் கட்டம்தான் முதலில் வந்து நின்றது. நண்பருக்குச் சொன்ன பதில்: லைட்டை இன்றைக்கே ஆன் பண்ணு, 1,000 ரூபாய்க்குச் சில்லறை நோட்டு எடு, அந்தக் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டுப் பின் நம்பர் போடு.