மாவுக்கட்டும் நான்கு கீபோர்டுகளும்

ஆடிப்பெருக்கு அன்று காவிரிப் படித்துறையில் பாசி வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. எனக்குக் கும்பகோணத்தில் ஒரு சின்ன டிடிபி கடை. ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகளுக்கு ஆட்கள் வரத் தொடங்கும் நேரம் அது. மிச்சமிருந்த வலது கையால் எந்தெந்தச் சொல்லை அடிக்க முடிகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். வலி மறக்க நல்ல வழி, அப்புறம் அதுவே பித்தாகிவிட்டது.

விதி இதுதான்: வலது கை விரல்களுக்கு வகுத்த விசைகளை மட்டும் தொடலாம், அல்லது இடது கைக்கு வகுத்ததை மட்டும். ஒரே விரலால் பலகை முழுக்கத் துழாவுவது கணக்கில் சேராது. ஷிப்ட் கிடையாது. ஸ்பேஸ் பாரை எந்தக் கட்டைவிரலும் தட்டலாம். ஆங்கிலத்தில் இது பழைய விளையாட்டு. 'ஸ்டூவர்டெஸஸ்' என்ற சொல்லின் 12 எழுத்தும் இடது பக்கமே கிடக்கும். 'லாலிபாப்' முழுக்க வலது பக்கம். தமிழில் எந்தக் கீபோர்டு என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிப்போகிறது.

முதலில் நான் தினமும் அடிக்கிற தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தது. உயிரெழுத்து 12ம் இடது கையில்: மேல் வரிசையில் ஐந்து, நடுவில் நான்கு, கீழே மூன்று. புள்ளியும் அங்கேதான். மெய்களில் வ, ங இரண்டைத் தவிர மற்ற 16ம் வலது கையில். இரண்டு கையும் மாறி மாறி ஆடுவதற்காகச் செய்த அமைப்பு, அதனால்தான் வேகம். ஒரு கையைக் கட்டிப்போட்டால் அதே அழகு எதிரியாகிவிடுகிறது.

ஆனாலும் ஒரு சலுகை உண்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். ந-த, ண-ட, ன-ற போன்ற இன எழுத்துகளுக்கும் அப்படியே. ஆகவே நல்ல, மற்ற, கற்ற, நடந்த, பறந்த, மறந்த, நடக்க, பறக்க, பழக எல்லாம் வலது கையாலேயே வரும். கவனித்தால் எல்லாமே அகரத்தில் முடிகின்றன. பெரும்பாலும் பெயரெச்சம், இல்லாவிட்டால் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம். வாக்கியம் முடியவே முடியாது போலிருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பலவின்பால் வினைமுற்று ஞாபகம் வந்தது: நடந்தன, கடந்தன, பறந்தன! "நல்ல மன்ன, பல பறந்தன, பல கடந்தன" என்று அடித்துவிட்டு, சோழர் அவையில் நிற்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். உதடு ஒட்டாமல் பாடுகிற நிரோட்டகக்காரர்களின் சந்தோஷம் இதுவாகத்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் ஒரு பிரயோஜனமும் இல்லை. இடது கைப் பக்கம் வா, வை, அவை, இவை, ஆவி, ஈவு, ஒவ்வா. அத்தோடு ஔவை. கிழவி ஒற்றைக் கையில் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்ஸ்கிரிப்ட் மத்திய அரசின் அமைப்பு. உயிர்க்குறிகளும் புள்ளியும் இடது பக்கம், தானாகப் புள்ளி போடும் உதவி இல்லை. வலது கையில் தர, பட, படர என்று நொண்டியடிக்கும். ஆனால் ம, ந, வ மூன்றும் இடது கைக்குப் போய்விட்டதால் அந்தப் பக்கம் குடும்பமே கூடியிருக்கிறது: மாமா, மாமி, நாம், நாமம், மாவு. "நீ வா மாமா" என்று முழு வாக்கியமே அடிக்கலாம். எனக்கு முறிந்ததோ இடது கை.

ஒலிபெயர்ப்பு முறை, அதாவது ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வருவது, சீக்கிரம் சொல்லி முடிக்கக்கூடியது. ஆங்கில ஏ இடது சுண்டுவிரலில் இருப்பதால் அகரம் வரும் எந்தச் சொல்லும் வலது கைக்கு இல்லை. உப்பு, நூல், மீன் தேறும். பொன்னி தேறும்: பி, ஓ, என், என், ஐ. ஆற்றுக்கும் அந்தப் பெயர், அரிசிக்கும் அந்தப் பெயர், டெல்டாக்காரனுக்கு அது போதும். காவேரியோ இரண்டு கையும் கேட்கிறது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வலது, நடுவில் ஓடுவதெல்லாம் இடது.

கடைசியாகப் பாமினி. பழைய தட்டச்சுப் பொறியின் வழிவந்த இந்த அமைப்பைப் பழசு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். த, ம, ட, ல, ர, ழ, அ, கால், ஐகாரக் கொக்கி, இகரச் சுழி, முக்கியமாகப் புள்ளி, அத்தனையும் வலது கையில். 'தமிழ்' முழுக்க வலது கை. அம்மா வலது கை, அப்பாவுக்கு மட்டும் இடது கை வேண்டும். மழை, மரம், மலை, தாமரை, மல்லி, தில்லை. பத்திரிகைக்காரனுக்குத் தாலி, மாலை, அம்மி. 'அழைப்பிதழ்' என்ற சொல்லில்கூட ப மட்டும்தான் எல்லை தாண்டுகிறது, அதுவும் காலுக்குப் பக்கத்து விசை. து, மு என்று உகரம் வந்தால் ஷிப்ட் வேண்டும், அங்கே தோற்போம். மணப்பெண் மாலதி என்றால் கொண்டாட்டம். மாப்பிள்ளை கணபதி என்றால் கடைப் பையனைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஒற்றைக் கைக்குப் பாமினிதான், சந்தேகமே இல்லை. ஒரு குறை: எழுத்துருவாக மட்டும் வைத்து அடித்தால், வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இப்போது கட்டுப் பிரித்தாகிவிட்டது, நானும் தமிழ்99க்குத் திரும்பிவிட்டேன். இடது கையில் டிகிரி காபி டம்ளர் இருக்கும்போது மட்டும் பாமினி.