எம்போவா, ஹெச்எஃப்எஸ்பியா, மேரி கியூரியா?

உயிரிமருத்துவத்தில் பிஎச்டி முடிக்கப்போகிறவர்கள் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) என்றதும் முதலில் விசாரிப்பது உதவித்தொகை எவ்வளவு என்றுதான். என்னைக் கேட்டால், முதலில் தேதியைப் பாருங்கள். வெளிநாட்டு ஃபெலோஷிப்களில் தவறுவது பெரும்பாலும் திறமைக் குறைவால் அல்ல, காலக்கெடுவால். ஐரோப்பாவின் எம்போ, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஹெச்எஃப்எஸ்பி, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி மூன்றும் இப்படிப்பட்ட ஃபெலோஷிப்களே.

பிஎச்டி பெற்று 2 ஆண்டுக்குள் எம்போவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஹெச்எஃப்எஸ்பிக்கு 3 ஆண்டு. மேரி கியூரி 8 ஆண்டு வரை விட்டுக்கொடுக்கும். ஆனால் வைவா (பிஎச்டியின் வாய்மொழித் தேர்வு) முடியாமல் மேரி கியூரிக்கு மனுப் போட முடியாது. வழக்கமாக செப்டம்பரில் வரும் கடைசித் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் சேரும்போது பட்டம் இருந்தால் போதும். தீசிஸ் கொடுத்துவிட்டு வைவாவுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது நம் பல்கலைக்கழகங்களில் சகஜம். அந்த மாதங்கள் இந்த இரண்டுக்கும் எழுத ஏற்ற காலம். இரண்டுமே முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை கேட்கும். எம்போ மதிப்பாய்வு பெற்ற ப்ரீபிரிண்டையும் (இதழில் வருமுன் இணையத்தில் இடும் கட்டுரை) ஏற்கிறது. இந்தியா 2016 முதல் எம்போ அமைப்பில் இணை உறுப்பு நாடு என்பது நமக்குச் சாதகம்.

ஹெச்எஃப்எஸ்பியின் குணமே வேறு. 3 ஆண்டு பணம் தருகிறது. இந்தியர்கள் அமெரிக்க லேபுக்கும் எடுத்துப் போகலாம். ஆனால் துறை மாற வேண்டும். காசநோய்க் கிருமியின் மருந்து எதிர்ப்பில் பிஎச்டி செய்தவர் அதையே பாஸ்டனில் தொடர்வேன் என்றால் தேறாது. அவரே நரம்புச் செல்களின் இமேஜிங்குக்குத் தாவினால் மதிப்பு. இயற்பியல், வேதியியலிலிருந்து உயிரியலுக்கு வருவோருக்குத் தனிப் பிரிவே உண்டு.

மேரி கியூரியில் நேர்காணல் கிடையாது. பத்துப் பக்கத் திட்ட அறிக்கைதான் எல்லாம். ஆய்வின் தரத்துக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் விதத்துக்கு 20. நல்ல ஆய்வாளர்கள் சறுக்குவது அந்த 30இல்தான். அதைக் கடைசி வாரத்தில் எழுதாதீர்கள். போகும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. குறுகிய கால வேலை என்று அங்கே போய் நாளை நீட்டியவர்கள் இங்கே அடிபடுவார்கள். 2024 அழைப்பில் 10,360 மனுக்களில் 1,696 தேறின. 2025இல் மனுக்கள் 17,058 ஆகிவிட்டன. இருந்தாலும் குடும்பத்தோடு போவோருக்கு நான் இதைத்தான் சொல்வேன். முறையான வேலை ஒப்பந்தம், சமூகப் பாதுகாப்பு எல்லாம் சேர்ந்து வரும்.

துறை மாறும் துணிவு இருந்தால் ஹெச்எஃப்எஸ்பி. செய்த வேலையையே ஐரோப்பாவில் ஆழப்படுத்த நினைத்தால் எம்போ. பிஎச்டி முடித்து 3 ஆண்டு ஓடிவிட்டால் மேரி கியூரிதான் வழி.

மூன்றுமே கிடைக்காமல் அமெரிக்காவுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அங்கே அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஹெச் தரும் எஃப்32 என்ற போஸ்ட்டாக் ஃபெலோஷிப் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. நம்மவர்கள் பெரும்பாலும் பேராசிரியரின் கிராண்டிலிருந்து (ஆய்வு நிதி) சம்பளம் வாங்குவார்கள். ஆனால் போஸ்ட்டாக்கிலிருந்து சொந்த லேபுக்குப் போக உதவும் என்ஐஹெச்சின் கே99 வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கிறது. போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டைத் தாண்டக் கூடாது. அது சொந்த ஆய்வுத் திட்டத்துக்கானது. அதனால் லேபில் சேருமுன் நடக்கும் பேச்சிலேயே பேராசிரியரிடம் கேட்டுவிடுங்கள்: வெளியே போகும்போது இந்த ஆய்வின் எந்தப் பகுதியை நான் எடுத்துப் போகலாம்?